இதில சறுக்கும்

பனிக்காலத்தில ரொறொன்ரோவில ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒரு நாளைக்கு எத்தினை தரம் "சறுக்கும், கவனம்" எண்டு சொல்லுவார் எண்டு ஆரும் எண்ணிப் பார்த்ததாத் தெரியேல்லை. நான் காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க மனிசிக்குச் சொல்லுவன். அவ எனக்குச் சொல்லுவா. பஸ் தரிப்பில நிக்கிற முன்பின் தெரியாத சனத்துக்கும் சொல்லியிருக்கிறன், அதுகளுக்குத் தமிழ் தெரியாது எண்ட யோசினையே இல்லாமல். உப்புப் போடுறது, மண் தூவுறது, மதிலைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறது, எல்லாம் சறுக்காமல் இருக்கிறதுக்குத்தான். அப்பிடிப்பட்ட என்னை என்ர மகள் போன மாசி மாசம் ஒரு சனிக்கிழமை, சறுக்கிறதுக்கெண்டே வைச்சிருக்கிற ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மலை எண்டு அவைதான் சொல்லுகினம். கண்டியில இருந்து வந்த ஒருத்தரிட்டைக் காட்டினால் சிரிப்பார். எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. யாழ்ப்பாணத்தில பிறந்தவனுக்கு இறக்கம் எண்டால் கிணத்துக்குள்ள இறங்கிறது ஒண்டுதான்.

மகளுக்கு இருபத்தாறு வயது. வைகாசியில கலியாணம். கலியாணத்துக்கு முதல் ஒரு நாள் அப்பாவும் தானுமா எங்கையாவது போகவேணும் எண்டு கேட்டாள். நான் கோயிலுக்குப் போவம் எண்டன். அவள் ஸ்கீ எண்டாள். ஒரே ஒரு நாள் அப்பா, பிளீஸ் எண்டாள். வேற வீட்டுக்குப் போகப்போற பிள்ளை கேட்கேக்க என்னெண்டு மறுக்கிறது? பிள்ளை போறது மோர்னிங்சைட்டில எங்கட வீட்டில இருந்து பத்து நிமிச தூரத்துக்குத்தான். ஆனாலும் மனம் அப்பிடித்தான் யோசிக்கும். ஓம் எண்டிட்டன்.

இந்த இடத்தில கலியாணக் கார்ட் பற்றிச் சொல்லவேணும். சொல்லாட்டி மிச்சம் விளங்காது.

எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூப்பு. நான் கனடாவுக்கு வந்த அண்டைக்கு எயாப்போட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். கொழும்பில வாங்கின செருப்போட, மெல்லிய சேட்டோட, நான் வெளியில வந்தன். அண்ணை என்னைக் கட்டிப்பிடிக்கேல்லை, அம்மா எப்பிடி எண்டும் கேட்கேல்லை. தன்ர ஜக்கெற்றைக் கழட்டி எனக்குப் போட்டார். கார் நிண்ட இடமெல்லாம் ஐஸ். "சறுக்கும், கவனமா வா" எண்டார். கனடாவில எனக்கு ஒருத்தர் சொன்ன முதல் வசனம் அது.

அடுத்த கிழமையே தான் வேலை செய்த பீற்சாக் கடையில என்னையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரெக்ஸ்டேல் பக்கம் இருந்தது. ஏழு வருசம் ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில நிண்டம். மாப் பிசையிறது, தட்டுத் தூக்கிறது, வெட்டுறது, பெட்டியில வைக்கிறது எல்லாம் அவர் பழக்கினதுதான். துண்டு பெட்டியில வைக்கேக்க ஒரு சட்டம் வைச்சிருந்தார். கரை சாப்பிடுறவன்ர பக்கம், கூர் எங்கட பக்கம். பெட்டியைத் திறந்த உடன அவன்ர கை கரையிலதான் படவேணும். மாறி வைச்சால் புறங்கையில மெல்லிசா ஒரு தட்டு விழும். அந்தக் கூர் எங்கட பக்கம் எண்டது எனக்குக் கனவிலயும் வரும்.

பேந்து நான் வேற வேலைக்குப் போனன், கலியாணம் கட்டினன், மகள் பிறந்தாள். மனிசி பின்னேர ஷிப்ற் செய்த காலத்தில பள்ளிக்கூடத்தில இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது அண்ணை. அவளுக்குச் சைக்கிள் பழக்கினதும் அவர்தான். எனக்குப் பொறுமை காணாது, அவருக்கு இருந்தது.

மகள் பதின்மூண்டு வயதில பெரியபிள்ளையாக, சாமத்தியவீடு வைச்சம். நான் அப்ப ரெண்டு வேலை. முந்நூறு கார்ட். தூரத்துச் சனத்துக்குத் தபால்ல போடுவம், கிட்டடிச் சொந்தத்துக்கு நேரில போய்க் குடுப்பம் எண்டு ரெண்டு கட்டாப் பிரிச்சு மேசையில வைச்சிட்டுப் போனன். அண்ணையின்ர கார்ட் எந்தக் கட்டில இருந்தது, எப்பிடி மாறினது எண்டு இண்டைக்கும் எங்கட வீட்டில ஒரு முடிவு இல்லை. முத்திரை ஒட்டினது ஆர் எண்டதிலயும் ரெண்டு அபிப்பிராயம் இருக்கு. எப்பிடியோ, கூடப்பிறந்த அண்ணைக்கு, காரில கால்மணித்தியாலத் தூரத்தில வெக்ஸ்போர்ட்டில இருக்கிற மனிசனுக்கு, தம்பி வீட்டுக் கொண்டாட்டத்துக்கான கார்ட் தபால் பெட்டிக்குள்ள, தளபாடக் கடை விளம்பரத்தோட சேர்ந்து போய்க் கிடந்தது.

எங்கட ஆக்களில கார்ட் எண்டது தாள் இல்லை. மனிசனும் மனிசியுமா வீட்டை போய், கதிரையில இருந்து, தேத்தண்ணி குடிச்சு, ரெண்டு கையாலயும் குடுத்து, கட்டாயம் வாங்கோ எண்டு வாயால சொல்லவேணும். அப்பதான் அது அழைப்பு. அண்ணை சாமத்தியவீட்டுக்கு வரேல்லை. ஆரோ கேட்டதுக்கு, "தபால்காரன்தானே கூப்பிட்டவன், அவனையே பெரியப்பாவாச் சபையில இருத்தச் சொல்லு" எண்டாராம். அது என்ர காதுக்கு வந்து சேர மூண்டு நாள் எடுத்தது. எனக்கும் கோவம் வந்திட்டுது. ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம்தானே? பிழை என்ர பக்கம் எண்டு தெரிஞ்சபடியால் எனக்கு இன்னும் கூடக் கோவம் வந்தது.

'அவையோட கோவம்' எண்டு எங்கட ஆக்கள் சொன்னால் அது ஒரு உணர்ச்சி இல்லை. அது விலாசம் மாதிரி. ஒருக்கால் எடுத்தால் கனகாலத்துக்கு இருக்கும். அதுக்கு ஒழுங்கு முறை எல்லாம் இருக்கு. நேரில கதைக்கக் கூடாது. செத்தவீட்டில எதிர்ப்பக்கம் நிக்கவேணும். தமிழ்க் கடையில அவர் முருங்கைக்காய்க்குக் கிட்ட நிண்டால் நான் மீன் பக்கம் போகவேணும். தவிர்க்க ஏலாமல் ஏதும் சொல்லவேண்டி வந்தால் மூண்டாவது ஆளுக்குச் சொல்லவேணும், அவர் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தாலும். அந்த மூண்டாவது ஆளுக்கு விசயம் விளங்கவேணும் எண்ட கட்டாயம் இல்லை, ஆள் இருந்தால் காணும். இப்பிடிப் பதின்மூண்டு வருசம் வடிவா நடத்தினம்.

இப்ப கலியாணம். மகள் ஒண்டுதான் கேட்டாள். பெரியப்பா வரவேணும். மண்டபம், சாப்பாடு, சேலை ஒண்டிலயும் அவள் பிடிவாதம் பிடிக்கேல்லை. பெரியப்பா இல்லாட்டி நான் மணவறையில இருந்து கொண்டு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பன் எண்டாள். கார்ட் அச்சடிச்சு வந்த கிழமையே நான் வெக்ஸ்போர்ட்டுக்குக் காரை எடுத்தன். மனிசி வாறன் எண்டவ. முதல் நான் போய் நிலைமையைப் பார்க்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனன். மூண்டு தரம் போனன். முதல் தரம் அண்ணை வீட்டில லைற் எரியேல்லை, திரும்பினன். ரெண்டாந்தரம் லைற் எரிஞ்சது, அதனால திரும்பினன். மூண்டாந்தரம் வாசல் வரைக்கும் போய், திரும்பி வாற வழியில பாண் வாங்கிக்கொண்டு வந்தன். வீட்டில பாண் கிடந்து பூஞ்சணம் பிடிச்சது. கலியாணத்துக்கு மூண்டு மாசம் இருந்தது.

அந்த நிலைமையிலதான் அந்தச் சனிக்கிழமை. விடியக் காலமை மகள் காரை ஓடினாள். ஒண்டரை மணித்தியாலம் வடக்க. போய் இறங்கின உடன ஒரு பத்திரம் தந்தவை. நான் விழுந்தால், முறிஞ்சால், செத்தால் அதுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை, வழக்குப் போடமாட்டன் எண்டு அதில கிடந்தது. செத்த பிறகு நான் என்னெண்டு வழக்குப் போடுறது எண்டு கேட்டன். அப்பா, சைன் பண்ணுங்கோ எண்டாள். நிறை எவ்வளவு எண்டு இன்னொரு கேள்வி. மகள் பக்கத்தில நிண்டபடியால் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது.

வாடகைக்குத் தந்த பூட்ஸ் இரும்புப் பெட்டி மாதிரி. காலை விட்டால் கணுக்கால் எண்டு ஒண்டு இருந்தது மறந்துபோகும். மகள் குனிஞ்சு கொக்கி எல்லாம் பூட்டி, தன்ர நண்பியின்ர தகப்பனிட்டை வாங்கின ஜக்கெற்றை எனக்குப் போட்டு, சிப்பைத் தானே கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். சின்னனில நான் அவளுக்குச் செய்தது. நான் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனன். அது எவ்வளவு திட்டமிட்ட வேலை எண்டு பேந்துதான் தெரிஞ்சது.

எதிர் வாங்கில ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிஞ்சிருந்து பூட்ஸோட சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தார். உது என்ன இழவுச் சாமான் எண்டு பூட்ஸுக்குத் தமிழில பேச்சு விழுந்தது. இடது தோள் கொஞ்சம் பதிஞ்சிருந்தது. ஏழு வருசம் மாத் தட்டுத் தூக்கின தோள். அவருக்குப் பக்கத்தில அவரின்ர மகள், எனக்குப் பெறாமகள், கொக்கி பூட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்ர மகளைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கூரையைப் பார்த்தாளவை.

தகப்பன்மார் கோவமா இருந்த பதின்மூண்டு வருசமும் பிள்ளையள் போனில கதைச்சுக்கொண்டுதான் இருந்திருக்குதுகள். எங்களுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறதும் ஒழுங்கு முறையில அடக்கம்.

அண்ணை நிமிர்ந்தார். என்னைக் கண்டார். ஹெல்மெற்றுக்குள்ள முகம் சின்னதாப் போயிருந்தது. கிழடாப் போனார் எண்டு நினைச்சன். அவரும் அதைத்தான் நினைச்சிருப்பார். ரெண்டு பேரும் சுவரைப் பார்த்தம். ஒரு சுவரில பாதுகாப்பு எச்சரிக்கை இருந்தது. மற்றச் சுவரில சூப் விலைப்பட்டியல் இருந்தது. நான் சூப்பை வாசிச்சன்.

பிள்ளையள் ரெண்டும் தாங்கள் ஸ்னோபோர்ட் செய்யப் போறம், உங்களுக்குப் பதினொரு மணிக்கு லெசன், ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான் புக் பண்ணியிருக்கு எண்டு ஒரே மூச்சில சொல்லிப்போட்டு வெளியில போட்டாளவை. கார்த் திறப்பும் அவையோட போட்டுது. அந்தப் பூட்ஸோட ரொறொன்ரோவுக்கு நடக்க ஏலாது.

படிப்பிக்க வந்தது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. இருபது வயது இருக்கும். வகுப்பில எங்கள் ரெண்டு பேரையும் விட்டால் மிச்சம் எல்லாம் ஆறு ஏழு வயதுக் குஞ்சுகள். அண்ணை வரிசையின்ர ஒரு அந்தத்தில நிண்டார், நான் மற்ற அந்தத்தில நிண்டன். நிப்பாட்டுறது என்னெண்டு முதல் சொல்லித்தாறன் எண்டாள் அந்தப் பிள்ளை. நல்ல விசயம் எண்டு நினைச்சன். காலில ஒரு பீற்சாத் துண்டு செய்யுங்கோ எண்டாள். பீற்சா எண்டால் நிக்கும், பொரிச்ச கிழங்கு மாதிரி நேர வைச்சால் ஓடும். சின்னப் பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரி இப்பிடித்தான் சொல்லுவினமாம்.

எனக்கு உள்ளுக்க ஒரு நிம்மதி வந்தது. இந்த மலையில எனக்குத் தெரிஞ்ச ஒரே விசயத்தை இவள் கேட்டிட்டாள். பீற்சாத் துண்டு. கரை அங்கால, கூர் எங்கட பக்கம். குதிக்கால் ரெண்டையும் ஒட்டினன், முன்பக்கத்தை அகட்டினன். ஸ்கீ ரெண்டும் ஒண்டு கிழக்கயும் ஒண்டு மேற்கயும் போக வெளிக்கிட்டுது. நான் நடுவில நிண்டு, எந்தப் பக்கம் போறது எண்டு முடிவெடுக்க முதல் பனியில இருந்திட்டன். விழுந்த இடத்தில இருந்து பார்த்தன். மற்ற அந்தத்தில அண்ணையும் குதிக்காலை ஒட்டி, முன்பக்கத்தை அகட்டி, அதே மாதிரி இருந்துகொண்டிருந்தார். ஆறு வயதுக் குஞ்சுகள் எல்லாம் ஸ்கீ நுனியளை ஒட்டி, கூரை முன்னுக்கு வைச்சு வடிவா நிண்டுதுகள். அதுகள் ஒரு நாளும் பீற்சாக் கடையில வேலை செய்யேல்லை.

அந்தப் பிள்ளை என்னைத் தூக்கிவிட்டாள், அவரைத் தூக்கிவிட்டாள். ரெண்டாந்தரமும் அதே. மூண்டாந்தரமும். தான் படிப்பிச்ச ஒருத்தரும் பீற்சாவை இப்பிடி மறுபக்கமா வைச்சதில்லை எண்டாள். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குடும்பமோ எண்டு கேட்டாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில, ஒரே குரலில, நோ எண்டம்.

லெசன் முடிய லிப்ற்றில மேல போய், ஒருக்கால் இறங்கிக் காட்டவேணும். லிப்ற் எண்டது கம்பியில தொங்கி வாற ஒரு வாங்கு. அது நிக்காது, வந்து முழங்காலில இடிக்கேக்க இருந்திட வேணும். அண்ணை முன்னுக்குப் போகட்டும் எண்டு நான் பின்வாங்கினன். நான் போகட்டும் எண்டு அவர் பின்வாங்கினார். வாங்கு ஒண்டு வெறுமையாப் போச்சுது. அடுத்ததும் போச்சுது. பின்னுக்கு நிண்ட சனம் முணுமுணுக்க வெளிக்கிட்டுது. லிப்ற்றுக்குப் பொறுப்பா நிண்டவன் பொறுமை இழந்து, தனியா நிண்ட ஒரு வெள்ளைக்காரரை நடுவில விட்டு, எங்களை ரெண்டு பக்கத்திலயும் தள்ளிவிட்டான். அடுத்த நிமிசம் காலுக்குக் கீழ நிலம் இல்லை.

அந்த வெள்ளைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். மீசையில ஐஸ் கட்டியிருந்தது. நல்ல நாள் எண்டார். ரெண்டு பக்கத்தில இருந்தும் யெஸ் எண்டு வந்தது. பாதி வழியில லிப்ற் ஒரு உலுப்பு உலுப்பி நிண்டிட்டுது. மேல ஆரோ விழுந்திருப்பினம், அடிக்கடி நடக்கிறதுதான் எண்டார். காத்து வாங்கை ஆட்டினது. முன்னுக்கு மறிக்கிற கம்பி இன்னும் மேலதான் கிடந்தது. நான் அதை மறந்துபோனன்.

அண்ணை நேர முன்னுக்குப் பார்த்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழில சொன்னார், உவரை அந்தக் கம்பியைக் கீழ இழுத்துவிடச் சொல்லுங்கோ எண்டு. மனிசன் திகைச்சுப்போய் அவரைப் பார்த்தார். அண்ணை அதையே இங்கிலிஷில சொன்னார். மனிசன் என்ர பக்கம் திரும்பி, கம்பியை இழுத்துவிடட்டாம் எண்டார். நான் இழுத்துவிட்டன். கம்பி வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ எண்டன். அவர் அங்கால திரும்பி, கம்பி வந்திட்டுதாம் எண்டார். கம்பி மூண்டு பேருக்கும் முன்னாலதான் கிடந்தது.

பேந்து அண்ணை, அவரின்ர மகளுக்குக் கலியாணமாம் எண்டு கேள்விப்பட்டன், உண்மையோ எண்டு கேளுங்கோ எண்டார். மனிசன் கேட்டார். ஓம், வைகாசியில எண்டு சொல்லுங்கோ எண்டன். மனிசன் சொல்லிப்போட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னார். மாப்பிள்ளை என்ன செய்யிறார் எண்டு கேளுங்கோ. கணக்காளர் எண்டு சொல்லுங்கோ. நல்ல பிள்ளையோ எண்டு கேளுங்கோ. நல்ல பிள்ளை, சிரிச்ச முகம் எண்டு சொல்லுங்கோ. அந்த மனிசன்ர கழுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் ரெண்டு பேரும் அறிமுகமோ எண்டு அவர் கேட்டார். அண்ணை கொஞ்சம் எண்டார்.

எனக்கு மூக்கால தண்ணி ஓடினது. குளிருக்கெண்டு வைச்சுக்கொள்ளுவம். ரிசூ இருக்கோ எண்டு ஜக்கெற்றின்ர உள்பொக்கெற்றுக்குள்ள கையை விட்டன். ரிசூ இல்லை, ஒரு கவர் இருந்தது. கலியாணக் கார்ட். கவரில மகளின்ர கையெழுத்து. 'பெரியபா குடும்பம்' எண்டு ஒரு ப் குறைய எழுதியிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பத்து வருசம் அனுப்பினது இந்த ஒரு ப்புக்குத்தான்.

கார்ட்டைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன். நடுவில இருந்த மனிசன் பார்த்தார். அவருக்கு வேலை இப்ப பழகிவிட்டுது. அங்கால குடுக்கிறதோ எண்டு கேட்டு, கையை நீட்டினார். நான் அரைவாசி நீட்டியும் விட்டன். அப்பதான் யோசினை வந்தது. இவரிட்டைக் குடுத்தால் இதுவும் தபால்தான். பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு இன்னொரு தபால்காரன், மீசை வைச்ச தபால்காரன். கையைப் பின்னுக்கு இழுத்து, கார்ட்டைத் திரும்ப உள்ளுக்க வைச்சு, சிப்பைப் பூட்டினன். அண்ணை எல்லாத்தையும் கடைக்கண்ணால பார்த்துக்கொண்டிருந்தார். கார்ட்டைக் காட்டிப்போட்டு ஒளிச்சு வைக்கிறன் எண்டு நினைச்சிருப்பாரோ எண்டு எனக்குப் பயம் பிடிச்சுது. அந்த உயரத்துக்குக்கூட நான் அவ்வளவு பயப்பிடேல்லை.

லிப்ற் வெளிக்கிட்டுது. மேல போன உடன வாங்கு ஒரு சின்னச் சரிவில இறக்கிவிடும், எழும்பி வழுக்கிக்கொண்டு போகவேணும். நடுவில இருந்த மனிசன் எழும்பி வடிவாப் போட்டார், திரும்பிப் பார்க்கேல்லை. அவரில பிழை சொல்ல ஏலாது. அண்ணை எழும்பினார், நேர போனார், செம்மஞ்சள் வலையில முட்டி நிண்டார். விழேல்லை. நான் எழும்பி, பழக்கதோசத்தில கூரை என்ர பக்கம் வைச்சன். மல்லாக்க விழுந்தன். பின்னால வந்த வாங்கு தலையில இடிக்காமல், மேல வேலைக்கு நிண்ட ஒரு பெடிச்சி லிப்ற்றை நிப்பாட்டினாள். கீழ தொங்கிக்கொண்டிருந்த சனம் எல்லாம் என்னைப் பார்த்துது. ஒரு ஸ்கீ கழண்டு தனியாப் போய், அண்ணைக்குப் பக்கத்தில வலையில முட்டி நிண்டுது.

அண்ணை வலையைப் பிடிச்சுக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார். சுத்திவரப் பார்த்தார். சொல்லிவிடக் கிட்டடியில ஒருத்தரும் இல்லை.

"சறுக்கும்," எண்டார். "கவனமா வா."

காசு குடுத்துச் சறுக்க வந்த இவ்வளவு சனத்துக்கு நடுவில, மலை உச்சியில. நான் சிரிக்கேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. கண்ணாடிக்குள்ள ஆவி பிடிச்சு அண்ணையைத் தெரியேல்லை. கண்ணாடியைக் கழட்டினன். மற்ற ஸ்கீயையும் கழட்டினன். முழங்காலில தவண்டு தவண்டு சரிவால அங்கால வலைப் பக்கம் போனன். எழும்பி நிண்டு குடுக்கவேணும் எண்டுதான் ஆசை, கால் விடேல்லை. கிளவுஸைக் கழட்டிப்போட்டு, கார்ட்டை எடுத்து, முழங்காலில நிண்டபடி ரெண்டு கையாலயும் நீட்டினன். பக்கத்தால போன ஒரு சோடி, ஏதோ கலியாணம் கேட்கிறான் எண்டு நினைச்சோ என்னவோ, நிண்டு பார்த்துது.

அண்ணையும் கிளவுஸைக் கழட்டினார். வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். ப் குறைஞ்ச இடத்தைப் பெருவிரலால தடவினார். பேந்து கவரின்ர வலது மூலையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"முத்திரையைக் காணேல்லை," எண்டார்.

"நேரில தாறன், அண்ணை."

அவர் மூக்கை உறிஞ்சினார். அவருக்கும் குளிருக்கெண்டு வைச்சுக்கொள்ளுவம். பேந்து கார்ட்டைத் திரும்ப என்ர கையில வைச்சார். முடிஞ்சுது, பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கப்போறாள் எண்டு நினைச்சன்.

"கார்ட் குடுக்கிறது றோட்டிலயே?" எண்டார். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டை வா. வந்து தா."

நான் ஓம் எண்டன். அண்ணை குனிஞ்சு கார்ட்டை என்ர உள்பொக்கெற்றுக்குள்ள தானே வைச்சு, சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். அண்டைக்கு இது ரெண்டாந்தரம்.

இனிக் கீழ போகவேணும். சரிவைப் பார்த்தம். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பீற்சா ஒண்டுதான், அது நிக்காது. விழுந்து கிழுந்து கார்ட்டைக் கசக்கிப்போடாத, நாளைக்குக் குடுக்கவேணும் எண்டார் அண்ணை. ஸ்கீயைத் தோளில வைச்சுக்கொண்டு கரையால நடந்து இறங்கிறது எண்டு முடிவாச்சுது. சிவப்பு ஜக்கெற் போட்ட ஒருத்தர் வந்து உதவி வேணுமோ எண்டு கேட்டார். நாங்கள் ஒரு குடும்பம், ஒண்டா இறங்குவம் எண்டார் அண்ணை. வந்தவர் அதைக் கேட்கவே இல்லை.

ரெண்டு நிமிசத்தில வழுக்கிப் போற தூரம் எங்களுக்கு அரைமணித்தியாலத்துக்கு மேல எடுத்தது. ஆறு வயதுக் குஞ்சுகள் எங்களைத் தாண்டி ரெண்டு தரம் போச்சுதுகள். கீழ பிள்ளையள் ரெண்டும் ஸ்னோபோர்டைக் கையில பிடிச்சபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிண்டது தெரிஞ்சுது. அண்ணை முன்னுக்குப் போனார். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸால தட்டிப் பார்த்து, திரும்பி, இதில சறுக்கும் எண்டார். நான் ஓம் எண்டன். நாலு அடி போய், இதிலயும் சறுக்கும் எண்டார். கீழ போய்ச் சேரும் வரைக்கும் அவர் சொல்லுறதை நிப்பாட்டேல்லை. நானும் ஒவ்வொரு தரமும் ஓம் அண்ணை எண்டு சொல்லிக்கொண்டு, அவர் கால் வைச்ச இடத்திலயே கால் வைச்சு இறங்கினன்.